இரண்டு கார், ஒரு ஜோடிக் கண்

என் தங்கை மகன்கள் கார் பேச்சை எடுத்தால் தட்டில் சோறு ஆறிப்போகும். எந்தக் காருக்கு எத்தனை குதிரை சக்தி, எது எவ்வளவு வேகம் என்று ஆளுக்கு ஆள் கத்துவார்கள். பெரியம்மாவுக்கு என்ன தெரியப்போகிறது என்று என்னிடம் யாரும் கேட்பதில்லை. கேட்டால் சொல்வேன். ஒரு பழைய காரிலும் ஒரு ஸ்போர்ட்ஸ் காரிலும் டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போனவள் நான். நான் காரை அளப்பதே வேறு மாதிரி. பக்கத்தில் இருப்பவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை கிளம்பி, ஓட்டுகிறவர் காதில் விழுந்து, அவர் கால் பிரேக்கை மிதித்து, வண்டி நிற்பதற்குள் எவ்வளவு தூரம் போகிறது? எனக்குத் தெரிய வேண்டியது அவ்வளவுதான்.

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த சமயம் நானும் என் வீட்டுக்காரரும் மலாக்கா டவுன் ஓரத்தில் காஜா பெராங்கில் வாடகைக்குக் குடியிருந்தோம். அவர் அதற்கு முன்னால் குருபோங்குக்கு அந்தப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரைக்குக் கார் ஓட்டியவர். தோட்டத்தை விட்டு வந்தபின் சொந்தமாக ஒரு பழைய காரை வாங்கி, பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கிப் பிழைத்தார். கறுப்புக் கார், நாலு கதவு. ஜப்பான்காரன் வருவதற்கு முன்பே மலாயாவுக்கு வந்து சேர்ந்துவிட்ட வண்டி. மழை பெய்த காலையில் முன்னால் இரும்புக் கம்பியைச் செருகிச் சுற்றினால்தான் உயிர் வரும். திரும்பும்போது கதவோரத்திலிருந்து கை மாதிரி ஒரு சிக்னல் வெளியே நீள வேண்டும். பாதி நாள் நீளாது. நான் உள்ளேயிருந்து ஒரு குத்து விடுவேன், உடனே நீளும். தெருவில் எல்லாரும் அந்தக் காரைக் கிழவி என்றுதான் சொன்னார்கள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. கிழவியும், பின் சீட்டில் ஏழும் என் மடியில் ஒன்றுமாக அதில் ஏறிய எட்டுப் பிள்ளைகளும்தான் எங்கள் குடும்பம்.

நான் முன் சீட்டில் ஏறியது முதலில் உண்மையாகவே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளத்தான். ஒன்று வாந்தி எடுக்கும், இன்னொன்று பக்கத்துப் பிள்ளையின் சடையை இழுக்கும். பொம்பளை ஒருத்தி கூடப் போகிறாள் என்று தாய்மார்களுக்கும் நிம்மதி.

ஒரு நாள் பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். பட்டப்பகல். நடுரோட்டில் ஒரு வெள்ளை மாடு, சொந்த வீட்டு வாசலில் நிற்பதுபோல நின்றது. நான் சும்மாதான் கேட்டேன்.

"ஏங்க, அந்த மாடு யாருதுங்க?"

அவர் தூக்கிவாரிப் போட்டாற்போல் பிரேக்கை மிதித்தார். கிழவி இழுத்துக்கொண்டே போய் மாட்டின் வாலுக்குப் பக்கத்தில் நின்றது. மாடு திரும்பி எங்களைப் பார்த்தது. அவரும் மாட்டைப் பார்த்தார். ஆனால் அவர் பார்வை மாட்டுக்கு இரண்டடி தள்ளி இருந்தது.

"பால்காரர் மாடுதான்" என்றார், ஒன்றுமே நடக்காத மாதிரி.

வீட்டுக்கு வந்ததும் சாப்பாடு போடும் சாக்கில் ஜன்னல் வெளிச்சத்தில் அவர் முகத்தை உற்றுப் பார்த்தேன். இரண்டு கண்ணிலும் பூ விழுந்திருந்தது. அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி ஒரு வெளுப்பு. நான் பார்ப்பது தெரிந்ததும் அவர் தலையைக் குனிந்துகொண்டு, "வெயிலு சூடு, கண்ணு எரியுது" என்றார். சரி என்றேன். அன்றைக்கு நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் லைசென்ஸ் போய்விடும், லைசென்ஸ் போனால் கிழவி போய்விடும், கிழவி போனால் இந்த மனுஷன் காலையில் எழுந்து என்ன செய்வார் என்றுதான் எனக்குத் தோன்றியது. பிள்ளைகளைப் பற்றி எனக்கு முதலில் தோன்றவில்லை. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

மறுநாளிலிருந்து நான் வாயாடி ஆனேன்.

"ஏங்க, அந்தச் சீனரு இன்னைக்கும் சைக்கிள் நெறையக் கீரை கட்டிக்கிட்டுப் போறாரு பாருங்க." அதாவது இடது பக்கம் சைக்கிள், ஒதுங்கு. "லாரிக்காரன் என்னா இப்படித் தண்ணியப் போட்ட மாரி வாரான்?" அதாவது எதிரே லாரி. "இந்த முக்குக் கடையில வெத்தல நல்லாருக்கும்ல?" அதாவது முச்சந்தி வந்துவிட்டது. அவர் ஒவ்வொன்றுக்கும் "ம்ம்" என்பார். அந்த "ம்ம்" வந்த கையோடு கார் ஒதுங்கும், இல்லை மெதுவாகும். பின் சீட்டுப் பிள்ளைகளுக்குச் சந்தேகம் வரக் கூடாது, அவர்கள் வீட்டுக்குப் போய் ஒன்று கிடக்க ஒன்று சொல்லக் கூடாது, அதற்குத்தான் இத்தனை கதையும். ஒரு வருஷத்துக்கு மேல் இப்படியே ஓட்டினோம்.

வேடிக்கை என்னவென்றால், நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருக்கும்போதும் அதே கதைதான். அவர் "எனக்குத் தெரியல" என்று சொன்னதில்லை. நான் "எனக்குத் தெரியும்" என்று சொன்னதில்லை. டிரைவருக்கு அவர் பொண்டாட்டி நிறுத்து, திருப்பு என்று சொல்வதா? ஊர் சிரிக்காதா? ஆகவே மாட்டைப் பார்த்தால் அது யாருடையது என்று கேட்டேன், ஆட்டைப் பார்த்தால் அது எத்தனை குட்டி போட்டது என்று கேட்டேன்.

பயந்தேன். தினமும் பயந்தேன். வெள்ளிக்கிழமை தவறாமல் நாலு டயருக்கும் நாலு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினேன், சூடம் காட்டினேன், பூசணிக்காய் சுற்றி உடைத்தேன். எல்லாம் டயருக்கும் திருஷ்டிக்கும்தான். பிரேக்கை ஒரு தரம் பட்டறையில் காட்டுவோம் என்று எனக்குத் தோன்றவில்லை. கிழவி மெதுவாகப் போகிறாள், நான் சொல்லி முடிப்பதற்கு நேரம் இருக்கிறது என்று ஒரு தைரியம்.

நடுவில் மூன்று நாள் எனக்குக் கடுமையான காய்ச்சல். எழுந்திருக்க முடியவில்லை. "இன்னைக்கு வாணாங்க" என்றேன். "பிள்ளைங்களுக்குப் பரீட்சைம்மா" என்று சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பாயில் படுத்துக்கொண்டு, தெருவில் யாராவது ஓடி வருகிற சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன். மூன்று நாளும் காரில் ஒரு கீறல் இல்லாமல் திரும்பி வந்தார். சரி, பழகின ரோடு, கொஞ்சமாவது தெரிகிறது போலிருக்கிறது என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். அதை நம்பித்தான் அடுத்த சில மாதங்களை ஓட்டினேன்.

அப்புறம்தான் துரையிடமிருந்து ஆள் வந்தது. துரை சீமைக்குத் திரும்பிப் போகிறார். மெர்டேக்காவுக்குப் பிறகு ஒவ்வொரு தோட்டமாக வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்த நேரம் அது. துரையிடம் இரண்டே பேர் உட்காரக்கூடிய ஒரு ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. அதை மலாக்கா டவுனில் கடை வைத்திருந்த ஒரு சீனத் தவுக்கேக்கு, அதாவது முதலாளிக்கு, விற்றிருந்தார். அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், அதுவும் பழைய டிரைவர் கையால்தான் போக வேண்டும் என்று துரை ஆசைப்பட்டாராம். செய்தி கேட்டு என் வீட்டுக்காரர் முகம் பூரித்த பூரிப்பைப் பார்க்க வேண்டுமே. இருந்த ஒரே வெள்ளைச் சட்டைக்குத் தானே கஞ்சி போட்டார்.

"நானும் வாரேன்" என்றேன்.

"நீ எதுக்கு?"

"துரைசானி அம்மாவக் கும்பிட்டுட்டு வாரேன். ஊருக்குப் போறவங்கள இனிமே எங்க பாக்கப் போறோம்?"

என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் நின்ற இடத்துக்குச் சற்றுத் தள்ளிப் பார்த்தார். "சரி, வா" என்றார். நான் எதற்கு வருகிறேன் என்று அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும்.

சனிக்கிழமை காலையில் பஸ் பிடித்துப் போனோம். பங்களா வாசலில் அது நின்றது. கரும்பச்சை நிறம். கூரை இல்லை, துணியை மடித்துப் பின்னால் வைத்திருந்தார்கள். என் இடுப்பு உயரம்கூட இல்லை. கிழவியில் மிதிபலகையில் கால் வைத்து மேலே ஏறுவேன். இதில் கிணற்றுக்குள் இறங்குவதுபோல் இறங்கி, காலை நேரே நீட்டிக்கொண்டு உட்கார வேண்டியிருந்தது. நான் குள்ளம். முன் கண்ணாடிக்கு மேல் என் உச்சி தெரிந்தால் அதிகம். காற்றுக்கு முந்தானையைத் தலையில் இழுத்துச் சுற்றிக்கொண்டு, முன்னால் இருந்த கைப்பிடியைப் பிடித்துக் குனிந்தேன்.

அவர் சாவியைத் திருப்பினார். கம்பி இல்லை, சுற்றல் இல்லை. ஒரே உறுமல். அந்த அதிர்ச்சி சீட்டு வழியாக என் முதுகெலும்புக்கு ஏறியது. துரை கையசைத்தார். தோட்டத்துச் செம்மண் பாதை முடிந்து தார் ரோட்டில் ஏறியதும் லேசாகத்தான் மிதித்திருப்பார். ரப்பர் மரங்கள் எல்லாம் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு ஓடின.

"என்னா இழுப்பு பாத்தியா!" என்று கத்தினார். துரைக்குக் கார் ஓட்டிய காலத்துச் சிரிப்பு அது. கண் தெரியாத மனுஷன் சிரித்துக்கொண்டு பறக்கிறார், நான் பக்கத்தில் செத்துக்கொண்டிருக்கிறேன்.

"ஏங்க, அந்த வாத்துக் கூட்டம்..." என்று ஆரம்பித்தேன். வாத்துக் கூட்டம் பின்னால் போய்விட்டது. அவை எப்படித் தப்பின என்று எனக்குத் தெரியாது. "ஏங்க, அந்த மலாய்க்காரப் பையன் சைக்கிள்ல..." சைக்கிளும் போய்விட்டது. பாதி வார்த்தையைக் காற்று தட்டிக்கொண்டு போனது. மீதி அவர் காதில் விழுவதற்குள் நான் சொன்ன பொருள் அங்கே இல்லை. கிழவியில் ஒரு மாட்டைப் பற்றி அதன் பால், கன்று, சொந்தக்காரர் வரை பேசி முடிக்கலாம். இதில் "ஏங்க" என்று கூப்பிடவே நேரம் போதவில்லை.

காரில் எங்களைத் தவிர யாரும் இல்லை. யாருக்காக இந்த நாடகம்? "மெதுவாப் போங்க, உங்களுக்குக் கண்ணு தெரியல" என்று ஒரு வார்த்தை. அது நாக்கு நுனி வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒரு சந்தோஷம் அந்த முகத்தில். விழுங்கிவிட்டேன். அம்மா தாயே, அம்மா தாயே என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வழியில் செங் என்ற ஊர். அப்போது அங்கே தொழிற்சாலை ஒன்றும் கிடையாது. மலாய்க் கிராமத்துக் கம்பத்து வீடுகளும் தென்னையும்தான். அங்கே ஒரு வளைவில் ரோட்டோரப் புல்லை உரசிக்கொண்டு திரும்பினோம். அவர் அப்போதும் சிரித்தார். காஜா பெராங்கின் முதல் வீடுகள் கண்ணில் பட்டதும்தான் எனக்கு மூச்சு வந்தது. நம் ஊர் வந்துவிட்டது, இனி ஆபத்தில்லை என்று நினைத்தேன். நேர் ரோடு. தூரத்தில் கோயில் வளைவு.

நடுரோட்டில் ஒரு பிள்ளை நின்றது.

எங்கள் எட்டுப் பிள்ளைகளில் ஒருத்தி. ஆபீசில் கணக்கெழுதும் கிராணியார் மகள், ஏழு வயது. வீட்டுக் கவுனோடு, இரண்டு கையையும் அகல விரித்துக்கொண்டு, நாங்கள் வந்த காரைப் பார்த்து நின்றாள். என் வாய் பழக்கத்தில், "ஏங்க, நம்ம கிராணி மக..." என்று ஆரம்பித்துவிட்டது. அந்த வாக்கியத்தை நான் முடிப்பதற்குள் அவள் இருக்க மாட்டாள் என்று புரிந்தது.

"நிறுத்து!"

கதையும் இல்லை, மரியாதையும் இல்லை. அடிவயிற்றிலிருந்து கத்தினேன். கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் நான் அப்படிப் பேசியதில்லை. அவர் மிதித்தார். என் நெற்றி கைப்பிடியில் இடித்தது. டயர் தீய்ந்த நாற்றம். கண்ணைத் திறக்க எனக்குத் தைரியம் இல்லை. திறந்தபோது அவள் அப்படியே நின்றுகொண்டிருந்தாள். அவள் கவுனுக்கும் காரின் மூக்குக்கும் நடுவே ஒரு முழம் இருந்தது.

அந்தக் கார் நின்ற நிலை இன்னும் என் உடம்பில் இருக்கிறது. ஆணி அடித்தாற்போல் நின்றது. கிழவியாக இருந்திருந்தால்? பாதி வேகத்தில் வந்திருந்தாலும் நின்றிருக்காது. மாட்டின் வால் வரை இழுத்துக்கொண்டு போனதுபோல இந்தப் பிள்ளையையும் இழுத்துக்கொண்டு போயிருக்கும். ஒரு வருஷமாக நான் எந்தக் காரை நம்பி எட்டுப் பிள்ளைகளை ஏற்றினேனோ அந்தக் காரில் என் வார்த்தைக்கு நேரம் இருந்தது, பிரேக்குக்குத்தான் பிடி இல்லை. நடுரோட்டில், நெற்றியைப் பிடித்துக்கொண்டு, அதை அப்போதுதான் உணர்ந்தேன்.

பிள்ளை ஓடி வந்தாள். என்னைக் கவனிக்கவில்லை. நேரே அவர் பக்கம் போனாள்.

"மாமா, முன்னால போவாதீங்க. கோயில் முக்குல மாட்டு வண்டி சக்கரம் கழண்டு நடுரோட்டுல கெடக்குது."

பிறகுதான் முந்தானைக்குள் என் முகத்தைப் பார்த்தாள். "ஐயோ, அத்தையும் இருக்கீங்களா? துரை காருல வருவேன்னு மாமா சொல்லியிருந்தாங்க, மாமா மட்டும் வாராங்கன்னு நெனச்சேன். சொல்றதுக்கு ஆள் இல்லியேன்னுதான் ஓடியாந்தேன்."

"சொல்றதுக்கா? என்னா சொல்றதுக்கு?" என்றேன், தெரியாதவள் மாதிரி. அப்போதும் நடித்தேன் பாருங்கள்.

"ரோட்டுல இருக்கிறத. அத்தைக்குக் காய்ச்சலா இருந்தப்ப நாங்கதான சொன்னோம். மூணு நாளும்."

அவர் இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தது. சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தி, சாவியை உருவி, என் பக்கம் நீட்டினார். அந்த ஒரு தடவை சரியாக என் கையைப் பார்த்து நீட்டினார்.

"எறங்கும்மா" என்றார். "நடந்து போலாம்."

காரை ரோட்டோரமாகத் தள்ளி வைக்க அக்கம்பக்கத்து ஆட்கள் வந்தார்கள். பிள்ளையை வீட்டில் விட்டோம். அங்கிருந்து தவுக்கே கடை வரை வெயிலில் நடந்தோம். என் தோளில் கை வைத்துக்கொண்டு நடந்தார். ரோட்டில் அவர் என்னைத் தொட்டு நடந்தது அதுதான் முதல் தடவை. கடையில் சாவியை மேசைமேல் வைத்தார். என்னிடம் தமிழில் சொல்ல முடியாததைத் தவுக்கேயிடம் மலாயில் சொன்னார்: "மாத்தா சாயா சுடா தா நம்பா." எனக்குக் கண் தெரியவில்லை. வேறு ஆளை அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் பிள்ளைகளின் வீடு வீடாகப் போனோம். ஒவ்வொரு வாசலிலும் அவரே சொன்னார். ஒரு தகப்பன் கெட்ட வார்த்தையில் திட்டினார். வாங்கிக்கொண்டோம். ஒரு தாய், "உனக்குத் தெரியுந்தானே?" என்று என்னைப் பார்த்து மட்டும் கேட்டாள். தெரியும் என்றேன். திட்டு பரவாயில்லை, அவள் கண்தான் தாங்க முடியவில்லை. கிழவியைப் பழைய இரும்புக்காரன் இழுத்துக்கொண்டு போனான். அவர் கண்ணைப் பின்னால் ஆஸ்பத்திரியில் அறுத்துச் சோடாப் புட்டி மாதிரி கண்ணாடி போட்டார்கள். மாடு மாடாகவே தெரிந்தது. ஆனாலும் அவர் ஸ்டியரிங்கைத் தொடவில்லை, நானும் தொடச் சொல்லவில்லை.

சில வாரம் கழித்து கிராணியார் மகள் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். பலகாரம் கொடுத்து உட்கார வைத்தேன். கேட்காமல் இருந்திருக்கலாம். மனசு கேட்கவில்லை.

"அந்த மூணு நாளும் மாமாகிட்ட என்னென்ன சொன்னீங்க?"

அவள் யோசித்து, விரலை ஒவ்வொன்றாக மடக்கினாள். "ஆடு. ரெண்டு சைக்கிள். கல்லு லாரி. ஐஸ் வண்டி." ஐந்தாவது விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்புறம் ஒரு கைப்பிள்ள, அத்தை. ரோட்டுல தவழ்ந்து வந்திருச்சி. அத மட்டும் நாங்க கொஞ்சம் லேட்டாப் பாத்தோம். சக்கரம் அது கைய ஒட்டிக்கிட்டுத்தான் போச்சு."

தட்டில் இருந்த முறுக்கை அவள் பக்கம் தள்ளி வைத்தேன்.